வேலை விபத்து நட்டஈட்டு மனு தள்ளுபடியானால்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து வந்தது. பயந்து ஓடியதில் கானில் (வடிகாலில்) விழுந்து கை முறிந்தது. 'குளவிக்குக் கம்பனி பொறுப்பில்லை' என்று நட்டஈட்டு ஆணையாளர் மனுவைத் தள்ளிவிட்டார். மேலே போகலாமா? (மஸ்கெலியா வாசகி)

போகலாம் அம்மா. மேன்முறையீடு கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் நடந்த கதையை அங்கே முதலிலிருந்து சொல்ல முடியாது. ஆணையாளர் சட்டத்தைப் பிழையாகப் பிடித்தாரா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தப் பிழை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் கம்பனியின் தப்பைத் தேடுவதில்லை. விபத்து வேலையின் காரணமாகவும் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் நடந்ததா என்பதுதான் அதன் கேள்வி. தோட்டத் தொரை (மேலாளர்) குளவி வளர்த்தாரா என்று யார் கேட்டார்கள்? அந்த மலைக்கு உங்களை அனுப்பியது வேலைதான்.

விசாரணைக் கோப்பில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அன்றைய செக்ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில்) உங்கள் பேர், தோட்ட டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரி அறிக்கை எல்லாம் ஒப்படைக்கப்பட்டும் ஆணையாளர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அதுவும் சட்டப் பிழைதான். ஆணையாளர் கொடுத்த கட்டளையின் (தீர்ப்பின்) சான்றுப்படுத்திய பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். மேன்முறையீடு செய்வதற்கான 30 நாளைக் கட்டளைத் திகதியிலிருந்தே எண்ணுங்கள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக் கோட்டை விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

விசாரணைக்கு வர மறுத்த கங்காணி இப்போது சாட்சி சொல்லத் தயார் என்கிறார். மேன்முறையீட்டில் கூட்டிப் போகலாமா? (தலவாக்கலை)

கஷ்டம். அங்கே சாட்சிக் கூண்டு கிடையாது, கோப்பு மட்டும்தான் பேசும். அவரை அழைக்கச் சொல்லி விசாரணையில் நீங்கள் கேட்டு, அது மறுக்கப்பட்டது எழுத்தில் பதிவாகியிருந்தால் கதை வேறு. அப்போது மனுவைத் திரும்ப விசாரணைக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

ரோலர் மெசினில் தம்பியின் இரண்டு விரல் போய்விட்டது. ஆபீசில் ஒரு தொகை கொடுத்து 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று கையொப்பம் வாங்கிவிட்டார்கள். கதை முடிந்ததா? (நானுஓயா)

முடியவில்லை. சட்டம் தரும் நட்டஈட்டைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாங்கிய பணத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு ஆணையாளரிடம் மனுப் போடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே காயத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கும் சேர்த்துப் போட முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

வேலைக்குப் போகும் வழியில் லொறி மோதியது. 'வேலைத் தலத்தில் நடக்கவில்லை' என்று தள்ளிவிட்டார்கள். (ஹட்டன்)

விபத்து எந்தத் திகதி? 2022இல் வந்த திருத்தம் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தையும் சேர்த்துக்கொண்டது. விபத்து அதற்குப் பிறகு என்றால் மேன்முறையீடு செய்யத் தயங்காதீர்கள். முந்தியது என்றால் வெற்றி கடினம், பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

கொழும்புச் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை. (பலர்)

சட்ட உதவி ஆணைக்குழு இதற்காகத்தான் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கட்டளையின் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், மனு எழுத அவர்களுக்கும் நேரம் வேண்டும்.