பாட்டைத் திருத்த வேண்டாம், ரீச்சர்

கிழக்கிலங்கையில், கல்முனைப் பக்கத்தில் தரம் 4 படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நாட்டார் பாடல் கேட்டு வரச் சொன்னேன். வந்தவை எல்லாம் பேச்சுத் தமிழில் இருக்கின்றன. திருத்திச் சுவரில் ஒட்டலாமா? பாடல் தொகுப்பும் பயிற்சியும் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?"

திருத்தவே வேண்டாம். அம்மம்மாவோ மூத்தம்மாவோ 'மறுகா' என்றும் 'கிறுகி' என்றும் பாடினால் பிள்ளையும் அப்படியே பாடட்டும். 'பிறகு', 'திரும்பி' என்று மாற்றினால் ஓசை கெட்டுவிடும். அதைவிட, தன் வீட்டுப் பேச்சே பிழை என்று பிள்ளை நினைத்துவிடும். முதல் நாள் பாடுவது மட்டும், கொப்பியே வேண்டாம். அடுத்த நாள் பாட்டில் என்ன நடக்கிறது என்று தன் வசனத்தில் எழுதட்டும். சிவப்புப் பேனையை அங்கே எடுங்கள்.

சூடு மிதிக்கும்போது, அதாவது வெட்டிய நெற்கதிரை மாடுகளால் மிதிக்கவைத்து நெல்லைப் பிரிக்கும்போது, மாட்டை ஓட்டிக்கொண்டு பாடிய பாட்டு வந்திருந்தால் விடாதீர்கள். இன்றைய பிள்ளைக்குத் தெரிந்தது நெல் வெட்டுகிற மெசின்தான். சூடு மிதித்த களவெட்டி எப்படி இருந்தது, இரவில் யார் யார் நின்றார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால் அதுவே இரண்டு பாடவேளைக்குக் காணும். கோலடித்து ஆடும் வசந்தன் கூத்தின் பாட்டென்றால் வாங்கில் இருத்திப் பாடவைக்காதீர்கள். கையில் கோல் வேண்டும், காலில் ஆட்டம் வேண்டும்.

ஒப்பாரி மட்டும் வேறு. அருமையான கவிதைதான். ஆனால் சாவில்லாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் பிள்ளை போய், "ரீச்சர் ஒப்பாரி கேட்டு வரச் சொன்னா" என்றால் அந்தக் கிழவி என்ன செய்வார்? ஆகவே நீங்களாகக் கேட்காதீர்கள். பிள்ளையே கொண்டுவந்தால் தாயுடன் தனியாகக் கதையுங்கள். அவர் சம்மதித்தாலும் பிள்ளையைப் பாடவைக்க வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டினால் போதும். மேல்வகுப்பில் படிப்பிக்கிறார்களே என்று யாராவது சொல்லலாம். பதினாறு வயதும் ஒன்பது வயதும் ஒன்றா?

இனி அந்தப் பணம் கேட்பவர். தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் இப்படிப்பட்டவர்கள் பாடசாலைகளைத் தேடி வருவார்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் பாடியவர் யார், எந்த ஊர்? பதில் இல்லையென்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பழைய நூல்களைப் பிரதி எடுத்து, தொகுத்தவர் பெயரை எடுத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வசந்தன் பாடல்களை 1940-இலேயே தி. சதாசிவ ஐயர் தொகுத்து வைத்துவிட்டார். ஈழத்துப் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். மூத்தம்மாவின் குரலைப் பதிந்து தன் பெயரில் யூடியூப்பில் போடுகிறவரையும் வகுப்புக்குள் விடாதீர்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். உண்மைதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாளைக் காட்டி இந்த வயதுப் பிள்ளைகளின் பின்னேரத்தையும் பிடுங்கியாயிற்று. மேலே இருப்பவர்கள் படமும் அறிக்கையும் கேட்கிறார்கள், பிள்ளை பாடியதா என்று ஒருவரும் கேட்பதில்லை. சரி, படத்தை அனுப்பிவிடுங்கள். பாட்டுகளை வேறொரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் பெயரும் ஊரும் இருக்கட்டும். இடமாற்றம் வந்தால் அந்தக் கொப்பியை அடுத்த ஆசிரியரின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.