ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, ரூமைப் பாருங்க

கேள்வி: அண்ணே, புதுசா டவர் ஸ்பீக்கர் வாங்கி பெட்ரூம்ல வச்சேன், 10க்கு 10 ரூம். கட்டில்ல சுவத்துல சாஞ்சு கேட்டா டொம் டொம்னு அடிக்குது, எந்திரிச்சு நடு ரூம்ல நின்னா பேஸையே காணோம். ஸ்பீக்கர் பழுதா?

பதில்: இல்ல தம்பி, ரூம் பண்ற வேலை. சத்தம் செகண்டுக்கு சுமார் 344 மீட்டர் ஓடுது, உங்க ரூம் 3.05 மீட்டர், அதோட டபுளால 344ஐ வகுத்தா 56 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 56 அதிர்வு, பாட்டுல அந்த சுருதி வந்தா அலை ரெண்டு சுவத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நின்ன எடத்துலயே ஆடும், சுவத்துகிட்ட அழுத்தம் ஜாஸ்தி, நடுவுல கிட்டத்தட்ட பூஜ்யம். நீளம் அகலம் ஒண்ணா இருக்கறதால ரெண்டும் அதே 56ல வந்து விழுது, சீலிங்கும் 10 அடின்னா மூணாவது ஆளும் சேந்துக்கும், கேக்கவா வேணும். கட்டில ரெண்டு அடி முன்னாடி இழுத்துப் போட்டு கேளுங்க, காசா பணமா.

கேள்வி: சுவத்துல முட்டை அட்டை ஒட்டலாமா சார்?

பதில்: வேணாம். 56 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணோட நீளமே 6 மீட்டர், அதுக்கு அட்டை இருக்கறதே தெரியாது. தீப்பிடிச்சா வேற வம்பு.

கேள்வி: ஹால் பூரா டைல்ஸ், படத்துல டயலாக்கே புரியல.

பதில்: நடு ஹால்ல நின்னு ஒருவாட்டி சுளீர்னு கை தட்டுங்க, பின்னாடியே ட்ர்ர்ர்னு ஒரு வால் வந்தா எதிரெதிர் சுவத்துக்குள்ள சத்தம் பந்தாடுதுன்னு அர்த்தம். தரைக்கு தடி ஜமுக்காளம், ஜன்னலுக்கு கனமான திரை. அப்புறம் நீங்க சோபால உக்காந்துக்கிட்டு பையன விட்டு முகம் பாக்குற கண்ணாடிய பக்கத்து சுவத்துல நகத்தச் சொல்லுங்க, எந்த எடத்துல ஸ்பீக்கர் தெரியுதோ அங்கதான் மொத எதிரொலி, அங்க ஒரு புக் ஷெல்ஃப் வச்சாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஸ்பீக்கர் பின்னாடி ஓட்டை இருக்கே, அடைச்சா கெட்டுப்போயிடுமா?

பதில்: கெடாது. காலி பாட்டில் வாயில ஊதுனா ஊம்னு வருமே, அதே சமாச்சாரம்தான் அந்த போர்ட், சின்ன டப்பால பேஸ ஏத்தறதுக்கு. இந்த கணக்க 1961ல ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் ஒழுங்கா எழுதி வச்சாரு, பின்னாடி ரிச்சர்ட் ஸ்மால் விரிச்சாரு. போர்ட் ட்யூன் பண்ண ஹெர்ட்ஸுக்குக் கீழ, ஹெர்ட்ஸ் பாதியாகற ஒவ்வொரு வாட்டியும் (அதுக்குப் பேரு ஒரு ஆக்டேவ்) சத்தம் 24 டெசிபல் சரியும், மூடுன டப்பான்னா 12தான். சுவத்த ஒட்டி வச்சு பேஸ் கொழகொழன்னு இருந்தா பழைய சாக்ஸ சுருட்டி சொருகிப் பாருங்க, புடிக்கலன்னா உருவிடுங்க.

கேள்வி: சப்வூஃபர, அதான் பேஸுக்குன்னே தனியா வர்ற ஸ்பீக்கர, எங்க வைக்க?

பதில்: சப்ப தூக்கி சோபால நீங்க உக்கார்ற எடத்துல வச்சு, பேஸ் பாட்டு ஒண்ண ஓட விட்டு, சுவரோரமா தவழ்ந்துக்கிட்டே போங்க, எங்க பேஸ் சீரா கேக்குதோ அங்க வைங்க. கதவ மட்டும் சாத்திக்கோங்க.