ஆப்பிரிக்காவில் உயிருக்குப் போராடும் குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வு நடத்துவது, அவர்களைச் சோதனை எலி ஆக்குவது இல்லையா? உங்கள் பிள்ளையாக இருந்தால் சம்மதிப்பீர்களா?

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் 100 குழந்தைகளுக்குத் தன் புதிய மருந்தையும் இன்னொரு 100 பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்தையும் கொடுத்து ஆய்வு செய்தது. இது ஆய்வு என்றே தங்களிடம் சொல்லவில்லை என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் நிறுவனம் கானோ மாநில அரசோடு சமரசத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட ஆய்வுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் நான் குழந்தை மருத்துவர். அவசரப் பிரிவில் இன்று நான் சலைன் ஏற்றும் விதமே ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வால் மாறியது. அதைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

நாங்கள் படித்த காலத்தில் பாடம் இதுதான். கடும் காய்ச்சலோடு குழந்தை வருகிறது. கைகால் சில்லிட்டிருக்கிறது, நாடி மெலிந்திருக்கிறது, நினைவு மங்குகிறது. உடனே எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 20 மில்லி சலைனை வேகமாக ஏற்று. தேறவில்லையென்றால் இன்னொரு 20. பத்துக் கிலோ குழந்தை என்றால் முதல் சுற்றிலேயே 200 மில்லி உள்ளே போய்விடும். இந்த வழக்கத்துக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் இருந்த குழந்தைகள் மொத்தம் 34 பேர். அதுவும் வென்டிலேட்டர் வசதியுள்ள மருத்துவமனையில். அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பாடம் நடந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் கிடையாது. அங்கே இந்தப் பாடம் பலிக்குமா என்று பார்க்க நடந்ததுதான் ஃபீஸ்ட் ஆய்வு. கென்யாவின் கிலிஃபியில் பணியாற்றிய கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில், கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் சேர்த்து 6 மருத்துவமனைகளில் 2009 ஜனவரியில் தொடங்கியது. ரத்த அழுத்தம் மிகவும் விழுந்துவிடாத 3,141 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேகமாகச் சலைன், இன்னொன்றுக்கு வேகமாக அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் கலந்த திரவம்). மூன்றாவது குழுவுக்கு அப்படி எதுவும் ஏற்றவில்லை; வழக்கமான அளவில் மெதுவாகச் சொட்டும் திரவம் மட்டும்.

மூன்றாவது குழுவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் ரத்தம், குறித்த நேரங்களில் பரிசோதனை எல்லாம் மூன்று குழுக்களுக்கும் ஒன்றுதான். ஆய்வுக்கு முன்பே அந்த வார்டுகளில் இருந்தவர்களுக்கு அவசர சிகிச்சைப் பயிற்சி கொடுத்து, கண்காணிப்புக் கருவிகளும் வாங்கித் தந்திருந்தார்கள்.

வேகமாக ஏற்றிய குழந்தைகள் அதிகம் பிழைப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் சலைன் குழுவில் 10.5 சதவீதம், அல்புமின் குழுவில் 10.6 சதவீதம், எதுவும் வேகமாக ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். நூறு குழந்தைக்கு மூன்று பேர் கூடுதலாக இறந்தார்கள். 2011 ஜனவரியில், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த எண்கள்கூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 43 சதவீதம் பேருக்கு ஷாக் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) சரியாகியிருந்தது. ஏற்றாதவர்களில் 32 சதவீதம்தான். அதாவது கை சூடாகிறது, நாடி கைக்குப் பிடிபடுகிறது, டாக்டர் நிம்மதியாக அடுத்த படுக்கைக்குப் போகிறார். அப்புறம் சில மணி நேரத்தில் குழந்தை போய்விடுகிறது. "நோய் முற்றிய நிலையில் கொண்டுவந்தார்கள், நம்மால் முடிந்ததைச் செய்தோம்" என்று நாம் எழுதி வைக்கிறோம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் படுக்கையோரத்தில் நின்று இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மாதிரிக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டுரை வெளிவந்தபோது நானும் சமாதானம் தேடினேன். பாதிக்கு மேல் மலேரியாக் குழந்தைகள், பலருக்குக் கடும் ரத்தசோகை, அதனால்தான் இப்படி என்று. ஆனால் மலேரியா உள்ளவர், இல்லாதவர், ரத்தசோகை உள்ளவர், இல்லாதவர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும், வேகமாக ஏற்றியதால் லாபம் அடைந்த ஒரு குழுவும் அகப்படவில்லை. நுரையீரலில் நீர் கோத்து இறந்திருப்பார்கள் என்ற ஊகமும் நிற்கவில்லை. 2013இல் வெளிவந்த பகுப்பாய்வில், கூடுதல் இறப்புகளில் பெரும்பாலானவை ரத்த ஓட்டம் சரிந்து நேர்ந்தவை என்று தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது 2016இல். கைகால் சில்லிடுவது, அழுத்திவிட்டால் தோலின் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆவது, நாடி மெலிந்து வேகமாக ஓடுவது, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் ஷாக். அப்போதும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதையும் 30 முதல் 60 நிமிடத்தில். ஐந்து வருடத் தாமதம் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். இதைப் படித்துவிட்டு யாரும் வார்டில் போய் ட்ரிப்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பலன் நல்லபடியாக வந்த ஆய்வும் உண்டு. ஆப்பிரிக்காவின் 9 நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், கடும் மலேரியாவுக்குக் குயினைன் போட்டவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்டிசுனேட் போட்டவர்களில் 8.5 சதவீதம். குயினைன் பின்னுக்குப் போனது அதனால்தான்.

சரி, சம்மதம். மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் பத்துப் பக்கப் படிவத்தை நீட்டுவது கொடுமை. அதற்காகத் தள்ளிப்போட்டால் சிகிச்சையும் தள்ளிப்போகும். ஃபீஸ்டில் இதை இரண்டு கட்டமாக்கினார்கள். விளக்கம் கேட்டு முடிவெடுக்கும் நிலையில் பெற்றோர் இல்லாதபோது, முதலில் சுருக்கமாகச் சொல்லி வாய்மொழிச் சம்மதம். குழந்தை கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு முழு விளக்கம், கையெழுத்து. இதில் எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். குழந்தை அதற்குள் இறந்துவிட்டால் அந்தத் தாயிடம் பிறகு என்ன பேசுவது? இதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை.

என் பிள்ளையாக இருந்தால்? சம்மதிப்பேன். அதற்கு முன் மூன்று விஷயம் கேட்பேன். எந்தக் குழுவில் விழுந்தாலும் மற்ற சிகிச்சை எல்லாம் கிடைக்குமா, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஆட்கள் இறப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்களா, முடிவு வந்ததும் அந்த மருந்தோ முறையோ முதலில் இதே வார்டுக்கு வருமா. மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசையில் போய் நிற்பேன்.