அசல் எது?

அன்புள்ள சார்,

விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக ஐபேடில்தான் வரைகிறேன். போன மாதம் ஒரு கேலரிக்குப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கேலரிக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு, ஆனா இதுல அசல் எது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டில் டிஜிட்டல் ஓவியத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? மரியாதைக்காகவாவது நான் எண்ணெய் வண்ணத்துக்கு மாறிவிட வேண்டுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நிஜம்தான். ஆனால் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் விரலால் பூக்களை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், 2010இல் ஐபேட் வந்ததும் அதற்குத் தாவினார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அதே ஆண்டு பாரிஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களை ஐபோன், ஐபேட் திரைகளிலேயே காட்டினார்கள். வரைந்தது எங்கேயோ, பார்ப்பதும் அங்கேயே. அழகான ஏற்பாடு. ஆனால் அதில் விற்பதற்கு என்ன இருக்கிறது?

2012இல் லண்டன் ராயல் அகாடமியில் கதை மாறியது. யார்க்‌ஷயரில் வோல்ட்கேட் என்ற கிராமத்துச் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்த 51 படங்கள், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தாளில் அச்சாகிச் சுவரேறின. கூடவே 32 கேன்வாஸ்களை ஒட்டவைத்த பிரம்மாண்டமான எண்ணெய் ஓவியம் ஒன்றும் இருந்தது, துணைக்கு வந்த பெரியவர் மாதிரி. 2021இல் அதே அகாடமியில் பிரான்ஸின் நார்மண்டி வசந்தத்தை வரைந்த 116 ஐபேட் படங்களை வைத்தபோது பெரியவர் தேவைப்படவில்லை.

வோல்ட்கேட் படங்களை 25 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, எண் போட்டுக் கையெழுத்திட்டார்கள். கோப்பு நினைத்தால் இருபத்தைந்தாயிரமும் கொடுக்கும். கொடுக்கவிடாமல் நிறுத்தியதில்தான் கேலரிக்காரருக்கு நிம்மதி. எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து, மை பூசித் தாளில் அச்செடுப்பது) போடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவார்கள். ரெம்பிராண்டின் எட்சிங்கைக் காட்டி அசல் எது என்று யாரும் கேட்பதில்லை. தகட்டை யாரும் சுவரில் மாட்டுவதுமில்லை.

2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் டிஜிட்டல் படம் 6.93 கோடி டாலருக்குப் போனதே, அது இப்படி ஒன்றை அரிதாக்கி விற்பதன் உச்சம். எடுத்தவர் விக்னேஷ் சுந்தரேசன், நம்ம தமிழர்தான். அந்தப் படத்தை நெட்டில் எவரும் பார்க்கலாம். அவர் கொடுத்த பணம் ‘இது என்னுடையது’ என்ற பதிவுக்கு. ஓவியத்தைப் பற்றி அந்த விலை எனக்கு எதையும் சொல்லவில்லை.

உங்கள் கேலரிக்காரரின் கேள்விக்குப் பின்னால் இன்னொரு சந்தேகமும் இருக்கலாம். அதை நான் மதிக்கிறேன். எண்ணெய் வண்ணத்தில் தடிப்பாக விழுந்த தூரிகைத் தடத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் நிழல் விழும். அச்சில் மழைக்கோடும் புல்லும் வானமும் ஒரே தட்டை. ஒரு சாண் திரையில் துடிப்பாகத் தெரிந்த கோடு, நாலடித் தாளில் ஊதிப்போய்ச் சோம்பலாகக் கிடக்கும். ஹாக்னி படங்களிலும் இது உண்டு, விமர்சகர்கள் விடவில்லை. அவரோ கோடு கோடாகவே தெரியட்டும் என்று விட்டுவிடுகிறார். எண்ணெய் வண்ணம்போல நடிக்கும் டிஜிட்டல் ஓவியங்கள்தான் அச்சில் மாட்டிக்கொள்கின்றன. கேன்வாஸ் துணியில் அச்சடித்து மேலே ஜெல் தடவித் தருவார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எண்ணெயில் வரைய ஆசையிருந்தால் வரையுங்கள். மரியாதைக்காக வேண்டாம். அதைவிட, உங்கள் படங்களில் மூன்றை எடுங்கள். சுவரில் என்ன அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் நல்ல பருத்தித் தாளில், பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில் அச்செடுத்துப் பாருங்கள். ஒன்றாவது தேறும். அதற்குப் பத்துப் பிரதி என்று முடிவு கட்டி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டு, அதே கேலரிக்குக் கொண்டுபோங்கள். பதினொன்றாவது பிரதியை உங்கள் மாமாவே கேட்டாலும் போடாதீர்கள்.