அப்பாவின் திதி எந்த நாளில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு அப்பா காலமானார். அன்றைய நாள்காட்டித் தாளில் 'மாலை 4.10 வரை ஏகாதசி, பின்பு துவாதசி' என்று இருந்தது. ஏகாதசி என்றே எழுதி வைத்துவிட்டோம். இப்போது வருஷத் திதி நெருங்குகிறது. ஆளுக்கொரு நாள் சொல்கிறார்கள். தம்பி நியூயார்க்கில் இருக்கிறான், அவன் எந்த நாளில் செய்வது? மாமனாருக்கு 60 நிறைகிறது. அதற்கும் திதிதான் பார்க்க வேண்டுமா?
ர.

அன்புள்ள ர.,

உங்கள் அப்பாவுக்குத் திதி துவாதசி. உயிர் பிரிந்த நேரத்தில் நடந்த திதிதான் கணக்கு. தாளில் முதலில் அச்சாகியிருப்பது அல்ல. இரவில் நேர்ந்த மரணங்களில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. நள்ளிரவு கடந்து விடியுமுன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஆங்கிலத் தேதி மாறியிருக்கும், பஞ்சாங்க நாள் மாறியிருக்காது. முந்தைய நாளின் தாளைத்தான் பார்க்க வேண்டும். 'ஐப்பசி, தேய்பிறை (அல்லது வளர்பிறை), துவாதசி' என்று மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். பட்சத்தை எழுதாமல் விட்டு, பிறகு வளர்பிறையா தேய்பிறையா என்று திண்டாடும் குடும்பங்கள் நிறைய.

இனி, உறவினர்கள் முரண்படும் இடம். இறந்த திதியை அந்த நேரத்தை வைத்து முடிவு செய்கிறோம்; ஆண்டுதோறும் சிராத்தம் செய்யும் நாளையோ அபராண்ணத்தை வைத்து. பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் நாலாவது பங்கு அது. உதயம் 6, அஸ்தமனம் 6 என்றால் ஒரு பங்கு 2 மணி 24 நிமிடம்; அபராண்ணம் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த வேளையில் எந்த நாளில் துவாதசி இருக்கிறதோ அன்றுதான் சிராத்தம். ஒரு நாள் காலை 11.30க்குத் துவாதசி தொடங்கி மறுநாள் காலை 10 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். மறுநாள் உதயத்தில் துவாதசி இருப்பதால் மறுநாள்தான் என்பார்கள். இல்லை, முதல் நாளேதான். உதயத் திதி மற்ற பல காரியங்களுக்குச் சரி, சிராத்தத்துக்கு அல்ல. இரண்டு நாளும் அபராண்ணத்தைத் தொட்டால், எந்த நாளில் அதிக நேரம் இருக்கிறதோ அந்த நாள். ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இருமுறை வந்தால் பின்னதைக் கொள்வதே பொது வழக்கம்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு வகைப் பஞ்சாங்கங்களுக்கும் திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் வேறுபடும். குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வசதிக்கு ஏற்ப ஆண்டுக்கொன்றாக மாற்றுவது நன்றாயில்லை.

தம்பி விஷயம். திதி உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுகிறது, அபராண்ணம் அந்தந்த ஊருக்கு உரியது. ஆகவே இந்திய நேரத்தை அவர் ஊர் நேரமாக மாற்றிக்கொண்டு, அவர் ஊர் அபராண்ணத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஞாயிறு மாலை 5 முதல் திங்கள் பிற்பகல் 3 வரை துவாதசி என்றால், அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கையில் ஞாயிறு காலை 7.30 முதல் திங்கள் விடியற்காலை 5.30 வரை. உங்களுக்குத் திங்கள், அவருக்கு ஞாயிறு! வாட்ஸ்அப்பில் 'இன்றைக்குச் செய்' என்று அனுப்பினால் அவர் ஒரு நாள் தவறிவிடுவார். சொத்து பிரிந்து தனிக்குடித்தனம் ஆன சகோதரர்கள் சிராத்தத்தைத் தனித்தனியாகச் செய்வதே முறை, அமாவாசைத் தர்ப்பணமும் அப்படியே.

மாமனாருக்குத் திதி வேண்டாம். பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குத் திதி. தமிழ் ஆண்டுச் சுழற்சி 60 என்பதால் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும். 1966 ஏப்ரல் நடு முதல் 1967 ஏப்ரல் நடு வரை பிறந்தவர்களுக்கு அது பராபவ. 2026 ஏப்ரல் நடுவில் மீண்டும் பராபவ. அந்த ஆண்டில், அவர் பிறந்த தமிழ் மாதத்தில், ஜன்ம நட்சத்திரம் வரும் நாளே சஷ்டியப்தபூர்த்திக்கு, அதாவது அறுபது நிறைவு விழாவுக்கு, உரியது. திருக்கடையூரில் செய்வதாக இருந்தால் நாளைக் குறித்த உடனே பதிவு செய்துவிடுங்கள். முகூர்த்த நாள்களில் அங்கே கூட்டம் அதிகம்.