உரம் போட்ட கையில் துப்பாக்கி மருந்து தெரியுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் தம்பி வேலை பார்க்கிறான். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ நாட்டுத் துப்பாக்கியால் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் மதியம் தம்பியையும் விசாரணைக்குக் கூப்பிட்டு, இரண்டு கைகளிலும் மாதிரி எடுத்திருக்கிறார்கள். முந்தின நாள் காலையில் உரம் போட்டான், ராத்திரி மாரியம்மன் பண்டிகையில் பட்டாசு வெடித்தான். இதை வைத்து அவன்தான் சுட்டான் என்று சொல்லிவிடுவார்களா?

பதில்: சொல்லிவிட முடியாது. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், வழக்கு வந்தால் உங்களுக்கு உதவும்.

உரத்துக்குப் பயப்பட ஒரு காலத்தில் காரணம் இருந்தது. கையில் உருக்கிய மெழுகை ஊற்றி, ஆறியதும் உரித்து, அதன்மேல் டைஃபினைலமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கந்தக அமிலத்தை விடுவார்கள். நீலமானால் துப்பாக்கி மருந்து என்று முடிவு கட்டுவார்கள். 1933இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன முறை இது. உண்மையில் அது காட்டியது நைட்ரேட்டை மட்டும்தான். நைட்ரேட் உரத்திலும் உண்டு, புகையிலையிலும் உண்டு, சிறுநீரிலும் உண்டு. அதனால்தான் அதைக் கைவிட்டார்கள்.

இப்போது தேடுவது வேறு. தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டும் கேப்பில் பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் இருக்கும். சுடும்போது அவை ஆவியாகி, உடனே குளிர்ந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கையில் படியும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று உலோகமும் ஒரே உருண்டையில் கலந்திருப்பதுதான் வலுவான அடையாளம். அதைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ஆகவே நீங்கள் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது, மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பது. சட்டைப் பட்டன் அளவு வில்லையில் கறுப்பாக ஒட்டும் நாடா இருக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையிலும் புறங்கையிலும் அதைத் திரும்பத் திரும்ப ஒற்றி எடுத்திருந்தால் உருண்டைகள் உருக்குலையாமல் கிடைக்கும். அமிலத்தில் நனைத்த பஞ்சால் துடைத்திருந்தால் எல்லாம் கரைந்து, எந்த உலோகம் எவ்வளவு என்ற கணக்குதான் மிஞ்சும். பட்டாசு குழப்புவது இங்கேதான். பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. அதற்கு முன்பு மத்தாப்பில் பேரியம் நைட்ரேட் சர்வ சாதாரணம், பழைய சரக்கு இன்னும் கைமாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நம் மலைகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் குழல் வாய் வழியாக மருந்து கிட்டிப்பவை நிறைய. அதில் போடுவது கரிமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரித்தூள். அப்படிப்பட்ட துப்பாக்கி என்றால், நான் மேலே சொன்ன மூன்று உலோக உருண்டை கையில் இல்லாமலே போகலாம். பொட்டாசியம், கந்தகம், குண்டு ஈயமாக இருந்தால் ஈயம், இவைதான் தெரியும். பொட்டாசியம் உள்ள பொட்டாஷ் உரமும் பட்டாசும் உண்மையிலேயே குறுக்கே வருவது இந்த இடத்தில்தான். கூடவே அலுமினியம் நிறைய இருந்தால் அது பட்டாசைக் காட்டும். கைப்பற்றிய துப்பாக்கியின் குழலிலிருந்து எடுத்த கரியோடு ஒப்பிடாமல், கையில் பொட்டாசியம் இருக்கிறது என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால் அதற்கு மதிப்பே கிடையாது என்பேன்.

அப்புறம் நேரம். வேலை செய்கிற கையில் இந்தத் துகள் நாலைந்து மணி நேரம் தங்கினாலே அதிகம். மறுநாள் மதியம் எடுத்த மாதிரியில் ஒன்றும் இல்லை என்றால் அது தம்பி சுடவில்லை என்பதற்கும் சாட்சி ஆகாது, சுட்டான் என்பதற்கும் ஆகாது. இருக்கிறது என்றே வந்தாலும், சுட்டவர் பக்கத்தில் நின்றவர், துப்பாக்கியைத் தொட்டவர், துப்பாக்கி ஏற்றிய ஜீப்பில் உட்கார்ந்தவர் கையிலும் அது ஒட்டும். சுட்டவர் யார் என்பதை இந்தச் சோதனை மட்டும் ஒருநாளும் சொல்லாது.

தம்பி உரம் போட்டதையும் பட்டாசு வெடித்ததையும் மறைக்க வேண்டாம். என்ன உரம், எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள், மூட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் வக்கீல் மூலம் கேட்க வேண்டியவை: மாதிரி எடுத்த நேரம், எடுத்த விதம், எடுத்தவர் கையுறை மாற்றினாரா, யார் கையிலும் படாத வெற்று மாதிரி ஒன்று கூடவே அனுப்பப்பட்டதா. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், தகுதி இருந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.