படுகைக் காட்டில் மான் வேட்டை: கேட்டவையும் சொன்னவையும்

லூசியானாவில் அச்சாஃபலாயா ஆற்றுப் படுகையில் பதினான்கு வருடமாக மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். மிசிசிப்பியும் ரெட் ஆறும் சேர்ந்து கொண்டுவரும் தண்ணீரில் 30 சதவீதம் இந்தப் படுகை வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் 18 மைல் பாலத்தின் மேல் போனவர்கள் கீழே பார்த்திருப்பீர்கள், அந்தக் காடுதான். படுகை, சேறு, வெள்ளை வால் மான், இந்த மூன்றைப் பற்றிக் கேளுங்கள். மலை வேட்டை, மான்கொம்பு விலை எல்லாம் எனக்குத் தெரியாது.

ஹூஸ்டன்காரர்: அண்ணா, எனக்கு டெக்சாஸ் மேட்டு நிலத்தில்தான் பழக்கம். போன வருடம் முதல் தடவை சதுப்புக்கு வந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர், ஒரே மரம். மான் எங்கேதான் நிற்கும்?

நல்ல கேள்வி. இதற்கே இன்றைக்கு முழுக்கப் பேசலாம்.

முதலில் மானை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். ஆற்றை விட்டுத் தள்ளிப் போனால் தரை உயரும் என்று நினைத்திருப்பீர்கள். படுகையில் நேர்மாறு. வெள்ளம் கரையைத் தாண்டியதும் வேகம் குறைந்து, கனமான மணலை அங்கேயே போட்டுவிடும். நுண்ணிய களி மட்டும் உள்ளே போய்ப் படியும். அதனால் ஆற்றோரம்தான் மேடு, உள்ளே போகப் போகப் பள்ளம். நான் பிறந்தது கொள்ளிடக் கரை. வாழைக் கொல்லை ஆற்றை ஒட்டி, நெல் வயல் உள்ளே தாழ்வில் என்று சின்ன வயதில் பார்த்த அதே கணக்குதான் இங்கேயும்.

இந்தக் காட்டுக்குள் பழைய ஆறுகள் ஓடிச் செத்துப்போன தடங்கள் நிறைய. அவற்றின் கரைகள் இன்றும் திட்டுத் திட்டாக நிற்கின்றன. ஓர் அடி, ஒன்றரை அடி உயரம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மரத்தைப் பார்த்தால் தெரியும். சைப்ரஸும் டூப்பலோவும் அடி பருத்து நின்றால் அது பள்ளம். ஓவர்கப் ஓக் வந்தால் கொஞ்சம் ஏறியிருக்கிறீர்கள். நட்டால் ஓக், இன்னும் கொஞ்சம். வாட்டர் ஓக்கும் ஸ்வீட்கம்மும் வந்துவிட்டால் திட்டின் முதுகில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மான் படுப்பது அந்த முதுகில், பால்மெட்டோ புதருக்குள். மேய்வது அதன் ஓரத்தில்.

இதில் நட்டால் ஓக்கை மனதில் வையுங்கள். மற்ற ஓக் மரங்கள் கொட்டையை உதிர்த்து ஓய்ந்த பிறகும் இது ஜனவரி வரை உதிர்த்துக்கொண்டிருக்கும். டிசம்பர் கடைசியில் புதிய கொட்டை விழுகிற ஒரு நட்டால் மரத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. தண்ணீர் அரை அடி ஏறினால் நேற்றைய வரைபடம் செல்லாது. ப்யூட் லா ரோஸில் உள்ள நீர்மட்ட அளவுகோலை நான் தினமும் கைபேசியில் பார்ப்பேன். ஒருமுறை ஏறுகிற தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணி, மூடுபனி. இரண்டு திட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டை மிதந்து வந்தது. கட்டைக்குக் காது இரண்டு அசைந்தபோதுதான் தெரிந்தது, பெட்டை மான் நீந்துகிறது. மூக்கும் காதும் மட்டும் வெளியே. கரையேறி உடம்பை உதறிவிட்டு, என் பரணுக்கு நேர் கீழே நின்று கொட்டை பொறுக்கியது. சுடவில்லை. பின்னாலேயே குட்டி நீந்தி வந்துகொண்டிருந்தது.

பேட்டன் ரூஜ் மாணவர்: எஃப்-1 விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மத்திய சட்டப்படி எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. அதில் ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். உரிமம் முடிந்த மறுநாள் அதே துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருந்தால் அது குற்றம், அதுவும் விசாவையே காவு வாங்குகிற குற்றம். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. என் யோசனை, முதல் இரண்டு வருடம் வில்லோடு போங்கள். வில்லுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 1969 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் லூசியானாவில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள்.

அட்லாண்டா: எந்தத் துப்பாக்கி நல்லது?

.308, .270, .30-06, இந்தத் தோட்டா அளவுகளில் எது வேண்டுமானாலும். இந்தக் காட்டில் எண்பது கஜத்துக்கு மேல் கண்ணே எட்டாது. துப்பாக்கிக்குச் செலவழிப்பதில் பாதியை, பரணிலிருந்து விழாமல் தாங்குகிற முழு உடல் கச்சைக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் செலவழியுங்கள்.

டாலஸ்: .30-06 வாங்கலாமா, .308 வாங்கலாமா?

மேலே பாருங்கள்.

மெம்பிஸ்: நெஞ்சு வரை வருகிற ரப்பர் உடை போதுமா, படகு கட்டாயமா?

சின்னத் தட்டைப் படகு ஒன்று வாங்குங்கள். இங்கே பிரோக் என்பார்கள். ரப்பர் உடையை நம்பி ஆழத்தில் இறங்காதீர்கள். என் மூன்றாவது வருடம், ஜனவரி, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன். அடுத்த அடி ஒரு பழைய அடிமரக் குழி. உடைக்குள் தண்ணீர் புகுந்து கால் இரண்டும் கல்லாகிவிட்டது. டூப்பலோ வேரைப் பிடித்து ஏறினேன். துப்பாக்கி இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அன்று லைஃப் ஜாக்கெட் படகில் பத்திரமாக இருந்தது, நான்தான் அதற்குள் இல்லை. இடுப்பில் பெல்ட்டை இறுகக் கட்டுங்கள், கையில் கம்பு வைத்து ஆழம் பார்த்து நடங்கள், ஜாக்கெட்டை உடம்பில் போடுங்கள்.

தஞ்சாவூர்க்காரன், லஃபாயெட்: அண்ணே, இங்கே கடையில் மூட்டை மூட்டையாகத் தவிடு விற்கிறார்கள், மானுக்குப் போட என்று. நம்ம ஊர் மாட்டுத் தவிடேதான்! போடலாமா?

க்ரௌலி பக்கம் நெல் விளைகிறது, அரைத்தால் தவிடு வரத்தானே செய்யும். தனியார் நிலத்தில் போடலாம். மாநிலத்தின் பொது வேட்டைக் காடுகளில் கூடாது. மான் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தடையும் கட்டுப்பாடும் உண்டு. நான் போடுவதில்லை. தவிட்டுக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து சுடுவது வேட்டை இல்லை, ரேஷன் கடை வரிசையில் சுடுவது.

தஞ்சாவூர்க்காரன்: அப்படியானால் நட்டால் ஓக் அடியில் பரண் கட்டுவது மட்டும் என்ன? அதுவும் தீனிதானே? நீங்கள் மூட்டை தூக்கவில்லை, அவ்வளவுதான்.

சரியான குத்து. வித்தியாசம் இருக்கிறது. அந்த மரம் எங்கே, எப்போது உதிர்க்கும், தண்ணீர் எவ்வளவு ஏறினால் மான் அங்கே வரும் என்று நான் கற்றுக்கொள்ள வேண்டும். தவிடு எனக்கு எதையும் கற்றுத்தராது. அதைவிடப் பெரிய காரணம், நூறு வாய் ஒரே குவியலில் எச்சில் வைக்கும். மான்களின் மூளையை அரிக்கிற சிடபிள்யூடி நோய் எச்சிலிலும் பரவும். மிசிசிப்பி மாநிலத்தில் 2018-லும் இங்கே டென்சாஸ் மாவட்டத்தில் 2022-லும் முதன்முதலில் கண்டார்கள்.

விக்ஸ்பர்க் வாசி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபது வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. தவிடு இல்லாவிட்டால் அவருக்கு வேட்டையே இல்லை. வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவனுக்கும் திட்டு தேட நேரம் ஏது? கற்றுக்கொள்வது உங்களுக்குச் சுகம், அவருக்கு ஃப்ரீஸரில் கறி வேண்டும்.

எழுபது வயதுக்காரரை நான் குறை சொல்லவில்லை. கறிக்காக வேட்டையாடுபவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். நான் சொன்னது முப்பது வயதில் மூட்டை தூக்குகிறவர்களை.

தஞ்சாவூர்க்காரன்: ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தாரே, அந்த மாதிரிப் பெரிய மனுஷப் பேச்சு அண்ணே இது!

இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 1902 நவம்பர், மிசிசிப்பியின் ஆன்வர்ட் பக்கம், இதே மாதிரிப் படுகைக் காடு. வழிகாட்டி ஹோல்ட் கோலியர், அடிமையாகப் பிறந்தவர், அந்தக் காட்டை அவரளவுக்கு அறிந்தவர் அங்கே இல்லை. நாய்கள் வளைத்த கரடியைக் கோலியர் அடித்து, மரத்தில் கட்டிவைத்தார். ஜனாதிபதி சுட மறுத்தார். அவருடைய செல்லப் பெயரில் டெடி பேர் பொம்மை பிறந்தது. அதற்குப் பிறகு? அடிபட்ட கரடி துன்பப்படாமல் கொன்றுவிடச் சொன்னார், கத்தியால் கொன்றார்கள். பொம்மைக் கடையில் இதைச் சொல்வதில்லை. காட்டை அறிந்தவர் கோலியர், பெயர் வாங்கியவர் வேறு. தவிடு விஷயத்தை இத்தோடு விடுவோம், ஏற்கெனவே அரை நாள் போய்விட்டது.

விக்ஸ்பர்க் வாசி: கடைசியாக ஒன்று, வெள்ளத்தில் மான்கள் கரை மேட்டில் ஒதுங்குமே, அது மட்டும்...

அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தண்ணீர் துரத்தி, விலா எலும்பு தெரிய மேட்டில் ஒடுங்கி நிற்கிற மானைச் சுடுகிறவனோடு நான் ஒரே படகில் ஏற மாட்டேன். ஆறு அந்த அளவுக்குப் பெருகினால் அந்தப் பகுதியில் வேட்டையை மூடியும்விடுவார்கள்.

சார்லட்: மான் சுவரொட்டி (மண்ணீரல்), மூளை வறுவல் எப்படிச் செய்வது? ஊரில் ஆட்டில் சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

செய்யாதீர்கள். மேலே சொன்ன நோயின் கிருமிப் புரதம் தங்குகிற இடங்களே மூளை, தண்டுவடம், கண், சுவரொட்டி, நிணநீர்க் கட்டிகள்தான். சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. நோய்ப் பகுதியில் அடித்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியை ஃப்ரீஸரில் வையுங்கள். தொடைக்கறியை மிளகு போட்டு வறுங்கள், முதுகுக்கறியை இரண்டே நிமிடம் கல்லில் புரட்டுங்கள். மான் கொழுப்பை முழுக்கச் சீவி எறியுங்கள், மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும்.

திருச்சி: எங்கள் ஊர் பக்கம் மான் வருகிறது...

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஜெயில். அடுத்த கேள்வி.

நாஷ்வில்: பாம்பு, முதலை பயம் இல்லையா?

அக்டோபரில் காட்டன்மவுத் விரியனைப் பார்த்துக் கால் வையுங்கள். ஜனவரிக் குளிரில் முதலை அநேகமாக அசையாது. இங்கே ஆளைக் கொல்வது பரணிலிருந்து விழுவதும் படகு கவிழ்வதும். கச்சை, லைஃப் ஜாக்கெட். மறுபடியும் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள்.

ஹூஸ்டன்காரர்: அண்ணா, சுட்ட மான் தண்ணீருக்குள் ஓடிவிட்டால் இரத்தத் தடத்தை எப்படிப் பிடிப்பது?

இதற்காகவே உங்களைப் பிடிக்கிறது. அரை மணி நேரம் பரணிலேயே உட்காருங்கள், எந்தத் திட்டுப் பக்கம் ஓடியது என்று ஒரு மரத்தைக் கண்ணில் குறித்துக்கொண்டு. தண்ணீரில் இரத்தம் நிற்காது, அதைத் தேடாதீர்கள். மரத்தண்டிலும் பால்மெட்டோ இலையின் அடிப்பக்கத்திலும் மான் உரசிய உயரத்தில் தேடுங்கள். தண்ணீரின் மேல் பச்சைப் பாசி மூடியிருந்தால் அது போன வழி கறுப்புக் கோடாகத் தெரியும், பாசி மறுபடி மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். தடம் நின்றுபோனால் அடுத்த திட்டின் ஓரத்தைச் சுற்றிவந்து, அது ஏறிய இடத்தைப் பிடியுங்கள். கிடைக்கவில்லையென்றால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு வருபவரைக் கூப்பிடுங்கள், இங்கே அதற்கு அனுமதி உண்டு. விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

ஆஸ்டின்: சார், முதல் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி...

டாலஸ்காரரைக் கேளுங்கள். அவர் இதற்குள் இரண்டையும் வாங்கியிருப்பார்.